அடியைக் காட்டிய பிறகு விலை

எங்கள் காய்கறி மண்டியில் இரண்டு வழக்கங்களை யாரும் மீறுவதில்லை. ஒன்று, ஏலம் தொடங்குமுன் அந்தச் சரக்கிலிருந்து ஒரு கூடையை எடுத்துத் தரையில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மேலே பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டு அடியில் கிடக்கும் நசுங்கலை மறைக்கிற வேலை இங்கே செல்லாது. அழுகல் இருந்தால் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் விலையைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ மூன்றும் ஒரே மூச்சில் விழ வேண்டும். நடுவில் அறுந்தால் ஏலம் முறிந்தது என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் மறுபடி விலையை ஏற்றலாம். மறுபடி முதலிலிருந்து கூப்பிட வேண்டும். இதையெல்லாம் யார் வைத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. எழுதி ஒட்டியும் வைக்கவில்லை. ஆனால் மீறிப் பாருங்கள், மண்டியே திரண்டு வந்துவிடும்.

மண்டி வாசலில் டீக்கடை வைத்திருப்பவன் நான். விடியுமுன் லாரிகள் வந்து நிற்கும்போது அடுப்பைப் பற்றவைத்தால் வெயில் ஏறும்வரை கை ஓயாது. அந்த இரைச்சலில், சக்கரங்களின் சத்தத்தையும் சுமை தூக்குகிறவர்களின் கூச்சலையும் மீறி என் கடைவரை வந்து சேரும் ஒரே குரல் வெண்கலத்தின் குரல்தான். அந்த அம்மாவுக்கு வேறு பெயர் இருந்தது. அது ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் மட்டும் பயன்பட்டது. ஒரு காலத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர். ஏலம் விடுகிறவர் வராமல் போன ஒரு நாளில், ‘நிக்கிற நேரத்துல காய் வாடுது’ என்று சலித்துக்கொண்டு மூட்டைமேல் ஏறிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கீழே இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விவசாயிகளுக்கு அவர்மேல் உயிர். ஒரு கூடையைக் கவிழ்க்கச் சொன்னால் கூச்சப்படாமல் கவிழ்ப்பார். “அடியில நாலு நசுங்கல் இருக்கு, மத்ததெல்லாம் கல்லு மாதிரி, விலையைச் சொல்லுங்க!” என்பார். வாங்குகிறவனுக்கும் சந்தேகம் தீர்ந்துவிடும், விற்கிறவனுக்கும் நியாயமான விலை கிடைத்துவிடும்.

மழைக்காலத்தின் கடைசியில் ஒரு நாள், மூட்டையிலிருந்து இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறதாம். அவர் கணவர் மண்டியிலேயே கிழிந்த சாக்கு தைக்கிறவர், நாங்கள் சாக்குக்காரர் என்போம். ஊசியைச் சட்டையிலேயே குத்திக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, பிரஷர் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் ஒரு மாத்திரை, விடக்கூடாது என்றார். அவ்வளவுதான் பேச்சு. கிளினிக் சுவரை ஒட்டியே மருந்துக்கடை. கடைக்காரத் தம்பி பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்பார். அந்தத் தாளை வேண்டும் என்று கேட்ட மனிதர் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்து எந்த பாஷை என்றே எங்களுக்குத் தெரியாது.

தலைசுற்றல் நின்றது. கொஞ்ச நாளில் இருமல் வந்தது.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ கோழி இறகை வைத்து வருடுகிற மாதிரி ஒரு அரிப்பு, உடனே இருமல். ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது. மழை ஈரம் என்றோம். பிறகு வெயில் வந்து தார்ப்பாய்களெல்லாம் காய்ந்த பிறகும் இருமல் காயவில்லை. சாக்குத் தூசி என்றோம். அந்தத் தூசியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவருக்கு இப்போது மட்டும் ஏன் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

இருமலைவிடப் பெரிய தொல்லை மொட்டை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டிலும் பெரிய வியாபாரி. மற்ற வியாபாரிகள் ஒருவரை ஒருவர் முந்தி விலையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். “ஒரு தரம், ரெண்டு தரம்...” என்று வெண்கலம் வந்து நிற்கும்போது இருமல் வெடிக்கும். ஏலம் முறிந்தது. உடனே மொட்டை வாயைத் திறந்து கொஞ்சூண்டு விலை ஏற்றுவார். எல்லோரும் சரக்கு போய்விட்டது என்று கையை இறக்கியிருப்பார்கள், சிலர் அடுத்த மூட்டைக்கே நகர்ந்திருப்பார்கள். சரக்கு மொட்டைக்குப் போய்விடும். இதோடு விட்டாரா? வெண்கலம் நிற்கிற மூட்டைக்குப் பக்கத்தில் காலி மிளகாய்ச் சாக்கை உதறச் சொல்லித் தன் ஆளை நிறுத்தினார். வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன்.

“என்ன மொட்டையண்ணே, இது நியாயமா?” என்று ஒருநாள் டீ கொடுக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“நான் என்ன பண்ணேன்? முறிஞ்சா ஏத்தலாம். சட்டம்தானே?” என்று ஊதி ஊதிக் குடித்தார். “அந்தம்மாவுக்கு ரெஸ்ட் குடுக்கணும்பா. என் மச்சான் சும்மாத்தான் இருக்கான். நல்ல தொண்டை.”

மச்சான் ஏலம் விட்டால் கூடை கவிழாது என்பது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். சங்கத் தலைவருக்கும் தெரியும். அவர் பாவம், வெண்கலத்தின்மேல் மரியாதை உள்ளவர். ஒரு மைக் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். மைக் வந்த அன்று நாலு ஒலிபெருக்கியிலும் சேர்ந்து இருமல்தான் கேட்டது. கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பறந்தன. வேலை செய்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். வெண்கலமும் சிரித்தார், ஆனால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய வீடு எங்கள் சந்தில் எனக்கு எதிர்வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு துணித் திரை. மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவான். மருமகளும் கைக்குழந்தையும் இங்கேதான். மண்டியிலிருந்து வந்ததும் வராததுமாக, கையைக் காலைக் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வார் வெண்கலம். அதன் காதருகே மெல்லிய குரலில், ‘ஒரு தரம்... ரெண்டு தரம்...’ என்பார். ‘மூணு தரம்’ என்று வயிற்றில் மூக்கை வைத்து உரசினால் குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும். எனக்குச் சன்னலிலிருந்தே கேட்கும்.

ஒருநாள் மருமகள் குழந்தையைக் கொடுக்கவில்லை.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள். அவள் கெட்ட பெண் இல்லை. சொல்வதற்குள் அவள் முகமே சிவந்துவிட்டது. “இத்தனை நாளா இருமுறீங்க. இது என்ன இருமல்னே தெரியல. குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?”

“என்ன இருமல்னு நினைக்கிற?”

“நான் ஒன்னும் நினைக்கல. சந்துல பேசிக்கிறாங்க. டம்ளரையும் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“எது, அந்த நீல டம்ளரா? பல் தேய்க்க வச்சிருந்ததாச்சே அது.”

“நல்லாக் கழுவிட்டேன் அத்தை.”

வெண்கலம் அந்த டம்ளரில் தண்ணீர் குடித்தார். அன்று அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும்தான் சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்து, உள்ளே குழந்தை சிணுங்கும்போதெல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சாக்குக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“விடு. சின்னப் பொண்ணு, பயப்படுது.”

“அவ பயப்படுறது சரிதான். எனக்கே பயமா இருக்கு. என்னன்னு யாராவது சொன்னா பயப்படாம இருப்பேன்,” என்றார் வெண்கலம்.

எனக்கு அந்த நீல டம்ளர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. டம்ளர் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு வைத்தியம் ஆரம்பமானது. எங்கள் சந்தில் டாக்டருக்குப் பஞ்சம் கிடையாது, எல்லோருமே டாக்டர்தான். இஞ்சி என்றார்கள், மிளகு என்றார்கள், வெந்நீர் ஆவி பிடி என்றார்கள். பூனை முடி என்று ஒருத்தி சொல்ல, பாவம் அந்தப் பூனையைத் துரத்திவிட்டார்கள். சாக்குக்காரர் மருந்துக்கடைக்கு நடையாய் நடந்தார். முதலில் சிவப்பு சிரப், அது கேட்கவில்லை என்றதும் பச்சை, அதுவும் கேட்கவில்லை என்றதும் பழுப்பு. இருமல் எதற்கும் அசையவில்லை. பழுப்பு மட்டும் ஒரு வேலை செய்தது, தூக்கத்தைக் கொண்டுவந்தது. தூக்கம் வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் மூட்டைமேல் நின்றபடியே வெண்கலத்துக்குக் கண் சொக்கியது. காலிஃபிளவர் ஏலத்தில், மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கிய ஒரு விவசாயிக்கே அவர் கொண்டுவந்த சரக்கைத் தள்ளிவிட்டார். “அம்மா, நான் விக்க வந்தவன்!” என்று அந்த மனிதர் அலறினார்.

மண்டி சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. மாலையில் என் கடை பெஞ்சில் வெண்கலத்தை உட்காரவைத்து, காலியான டீ டம்ளரை உருட்டிக்கொண்டே பேசினார்.

“மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அதுவரைக்கும் நீங்க வீட்ல இருங்க, மொட்டையோட மச்சான் கூப்பிடட்டும். கடைசி நாள் நீங்க வந்து ஏறுங்க. இருமல் இல்லாம கூப்பிட்டீங்கன்னா எப்பவும்போல நீங்கதான். இல்லன்னா... எனக்கும் வேற வழி தெரியல.”

“அவன் கூடையைக் கவுப்பானா?” என்று கேட்டார் வெண்கலம்.

தலைவர் டம்ளரை உருட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சளியே வராத தொண்டையிலிருந்து எப்படியோ கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. சாக்குக்காரர் அந்தச் சந்தோஷத்தில் சந்துக்கே ரொட்டி வாங்கிக் கொடுத்தார். வெண்கலம் மட்டும், “ஒன்னும் இல்லாததுக்கா இப்படி இருமுறேன்?” என்றார். மருமகள் டம்ளரை மாற்றவில்லை. படத்தில் தெரியாத இருமலாக இருந்தால் இன்னும் மோசம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிரஷர், சர்க்கரைக்காரர்களுக்குக் கிளினிக்கில் தனி நாள் உண்டு. எனக்குச் சர்க்கரை. கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வெண்கலத்தோடு நானும் போனேன். சுவரோரம் நீளமான பெஞ்ச், மேலே கடகடவென்று சுற்றும் மின்விசிறி. சீட்டு கொடுக்கும் பெண் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். வெண்கலத்தின் சீட்டுக்கு அடுத்தது என்னுடையது. பெஞ்சில் இந்தப் பக்கம் முடிவெட்டுகிறவர் ஒருவர், அந்தப் பக்கம் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர். வெண்கலம் இருமினார். முடிவெட்டுகிறவர் இருமினார். அது அடங்கியதும் டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு இருமுவது மாதிரி இருந்தது.

“உங்களுக்கும் வறட்டு இருமலா?” என்றார் வெண்கலம்.

“அதை ஏன் கேக்குறீங்க,” என்றார் முடிவெட்டுகிறவர். “என் நாற்காலில ஒருத்தன் உக்கார மாட்டேங்கிறான். இருமுற நேரத்துல காதை எடுத்துருவேனோன்னு பயம். நான் இத்தனை வருஷத்துல ஒரு காதுகூட எடுத்ததில்ல.”

“நீங்க டீச்சர்?”

“என்னை லைப்ரரில உக்கார விடல. வெளில போய் இருமுங்கன்னு சொல்லிட்டாங்க. நான் வாழ்நாள் பூரா மத்தவங்களைச் சத்தம் போடாதேன்னு சொன்னவ.”

“எப்போலருந்து?”

இரண்டு பேரும் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான். வெண்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மண்டில மூணு கடைக்காரன் ஒரே நாள்ல வந்து உருளைக்கிழங்கு கறுத்திருக்குன்னு சொன்னா, எந்த லாரில இறங்கினதுன்னுதான் கேப்பேன். உங்க மாத்திரையை எடுங்க.”

மூன்று அட்டைகளும் மடியில் வரிசையாக வந்தன. மூன்றும் ஒன்று.

“கெட்டுப்போன சரக்கை வித்துட்டான்,” என்று எழுந்தார் வெண்கலம். பக்கத்துக் கதவுதானே மருந்துக்கடை. நானும் பின்னால் போனேன்.

கடைக்காரத் தம்பி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தேதி நல்லா இருக்குக்கா. கெட்டுப்போகல.”

“அப்புறம் ஏன் மூணு பேருக்கும் இருமல்?”

“அதுவா? இந்த மாத்திரைக்கு இருமல் வரும்க்கா. எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு.”

வானம் நீலமாக இருக்கும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். வெண்கலம் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் சிவப்பு குடுத்தியா? பச்சை குடுத்தியா?”

“உங்க வீட்டுக்காரர் இருமலுக்கு மருந்து கேட்டாரு. குடுத்தேன். இந்த மாத்திரையால இருமல் வருமான்னு நீங்க கேக்கலையே.”

“தெரிஞ்சாத்தானே தம்பி கேப்பேன்!”

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் சின்னக் கடைக்காரன்கா. டாக்டர் எழுதினதைப் பத்தி நான் வாயைத் திறந்தா, நாளைக்கு இந்தக் கடைக்குச் சீட்டு வராது.”

வெண்கலம் என் பக்கம் திரும்பி, “இதுக்குத்தான் அந்த நீல டம்ளரா?” என்றார். கண் நிறைந்துவிட்டது. அது இருமலால் வந்த தண்ணீர் இல்லை.

அவருடைய முறை வந்தது. டாக்டர் அறைக்கு அரைக்கதவுதான். உள்ளே பேசுவதெல்லாம் பெஞ்சுக்குக் கேட்கும். டாக்டரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து எழுந்திருக்காமல் பார்க்கிறவர். அவர் மேசையில் டீ ஆறிக் கிடப்பதை நானே பலமுறை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

“இருமலா? சரி, மாத்திரையை மாத்திடலாம்,” என்றார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. “பழசை இன்னிக்கே நிறுத்திட்டு இதை எடுங்க. இருமல் அடங்கக் கொஞ்ச நாள் ஆகும்.”

“டாக்டர், இருமல் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சில பேருக்கு வரும்மா.”

“ஏன் சொல்லல?”

“எல்லாத்தையும் சொன்னா நீங்க பயந்துட்டு மாத்திரையே சாப்பிட மாட்டீங்க. பிரஷர் ஏறி, கைகால் விழுந்து கிடப்பீங்க. எது நல்லது, சொல்லுங்க?”

நியாயம் மாதிரிதான் இருந்தது. பெஞ்சில் ஒருவர் தலையைக்கூட ஆட்டினார்.

“டாக்டர், நான் மண்டில ஏலம் விடுறவ,” என்றார் வெண்கலம். “புதுசா சரக்கு கொண்டுவர்ற ஒவ்வொரு விவசாயியும் இதையேதான் சொல்வான். அடியைக் காட்டாதீங்கம்மா, காட்டினா யாரும் வாங்க மாட்டாங்கன்னு. நான் கவுத்துக் கொட்டி, நசுங்கல் இருக்குன்னு கத்திச் சொல்லித்தான் விக்கிறேன். இதுவரைக்கும் ஒரு கூடை திரும்பிப் போனதில்ல. தெரிஞ்சு வாங்குனவன் நசுங்கலைத் தனியா எடுத்துட்டு மத்ததைப் பத்திரமா வச்சுக்குவான். தெரியாம வாங்குனவனுக்குத்தான் மொத்தமும் அழுகும். எனக்கு மொத்தமும் அழுகிப்போச்சு டாக்டர். வேலை போகப் போகுது. பேரக் குழந்தையைத் தூக்க விட மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருமல் வந்த அன்னிக்கே உங்ககிட்ட வந்து நின்னிருப்பேன்.”

டாக்டர் சீட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

“சரிம்மா, இப்ப மாத்திட்டேன் இல்ல?”

“இந்தப் புது மாத்திரைக்கு அடியில என்ன இருக்கு?”

“வெளியில பாருங்க, எத்தனை பேர் உக்காந்திருக்காங்க. அடுத்து யாரு? அனுப்பும்மா!”

சீட்டு கொடுக்கும் பெண் என் எண்ணைக் கூப்பிட்டாள். உள்ளே முக்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை. வெண்கலம் எழுந்திருக்கவில்லை என்று புரிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. அரைக்கதவு அதிர்ந்தது.

“இந்த மாத்திரை என்ன பண்ணும்? ஒரு தரம்! இந்த மாத்திரை என்ன பண்ணும்? ரெண்டு தரம்! இந்த மாத்திரை...”

இருமல் வெடித்தது. பாழாய்ப்போன இருமல், சரியாக அந்த இடத்தில். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இருமி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வெண்கலம் சொன்னார்:

“முறிஞ்சுபோச்சு. மறுபடி முதல்லருந்து. இந்த மாத்திரை என்ன பண்ணும்? ஒரு தரம்!”

மண்டியின் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் பெஞ்சில் சிரித்துவிட்டார்கள். இருமல் இருக்கும்வரை ஏலம் முறியும், ஏலம் முறியும்வரை அவர் கூப்பிடுவார். டாக்டருக்கு இந்தக் கணக்கு புரியக் கொஞ்சம் நேரமானது.

சீட்டு கொடுக்கும் பெண் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். “அம்மா, இது ஆஸ்பத்திரி!”

“தெரியுது கண்ணு. மண்டியா இருந்தா இந்நேரம் கூடை கவிழ்ந்திருக்கும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே அடுத்து? உள்ள போங்க சார்.”

எனக்கு அவசரம்தான். மைத்துனனிடம் கடையை விட்டால் அவன் பாலில் தண்ணீர் ஊற்றுவானா, தண்ணீரில் பால் ஊற்றுவானா என்று தெரியாது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. “எனக்கு ஒன்னும் அவசரமில்லம்மா. அவங்க கேட்டு முடிக்கட்டும்,” என்றேன். அவள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். முடிவெட்டுகிறவர், “நானும் அதே மாத்திரைதான். எனக்கும் கேக்கணும்,” என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். பெஞ்ச் அசையவில்லை.

டாக்டர் முதலில் கோபப்பட்டார். “உங்களுக்கு மட்டும்தான் நேரம் இருக்கா?” என்றார். வெண்கலம் இரண்டாம் தரத்தில் இருந்தார். பிறகு டாக்டர் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“சரி, நிறுத்துங்க. சொல்றேன்.”

“கதவைத் திறந்து வச்சுட்டுச் சொல்லுங்க டாக்டர். அவங்களுக்கும் கேக்கட்டும்.”

கதவு திறந்தது. டாக்டர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தவர், போகப் போக நிதானமாகவே சொன்னார்.

“புது மாத்திரைல சில பேருக்குக் கணுக்கால் வீங்கும். முகம் சூடாகிற மாதிரி இருக்கும். முதல்ல கொஞ்ச நாள் தலைவலி வரலாம். எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருங்க. வீக்கம் வந்தா என்கிட்ட வந்து காட்டுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்தினா பிரஷர் ஏறிடும்.”

“பழசு? அதுல இருமல் மட்டும்தானா? இவங்க ரெண்டு பேரும் அதைத்தானே சாப்பிடுறாங்க. அதையும் கொட்டுங்க.”

டாக்டர் தயங்கினார். “இருமல்தான் அதிகம். ரொம்ப ரொம்ப அபூர்வமா, உதடு, நாக்கு, முகம் வீங்கும். அப்படி வந்தா மாத்திரையை உடனே நிறுத்திட்டு ஓடி வரணும். மூச்சு அடைச்சிடும்.”

“போன வாரம் என் உதடு ஒரு பக்கமா வீங்குச்சே,” என்றார் டீச்சர்.

அவர் அதைப் பாடம் கேட்கும் பிள்ளை பதில் சொல்வதுபோல் மெதுவாகத்தான் சொன்னார். “எறும்பு கடிச்சிருக்கும்னு நினைச்சேன். காலைல வத்திடுச்சு. மாத்திரையை விடாம சாப்பிட்டேன். விடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையை விட்டு பெஞ்சுக்கு வந்து நான் பார்த்ததில்லை. டீச்சர் முன்னால் குனிந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அந்த அட்டையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். “இன்னொரு மாத்திரை போட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

வெண்கலம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த முகம் இல்லை அது. சீட்டைப் பார்த்து, “கால் வீங்கினா வந்து காட்டணும். நானா நிறுத்தக் கூடாது. சரி டாக்டர், எடுத்துக்கிறேன்,” என்றார். பிறகு மெதுவாக, இருமல் வருமுன், “மூணு தரம்,” என்றார்.

அடுத்து நான் போனேன். “டாக்டர், என் சர்க்கரை மாத்திரைக்கு அடியில என்ன இருக்கு?” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் சொன்னார்.

அன்று சாயங்காலம் சந்தில் வெண்கலத்தின் குரல் வழக்கத்தைவிட ஓங்கியே கேட்டது. யார் யார் என்ன இருமல் என்று பேசினார்களோ அவர்கள் வாசலில் எல்லாம் நின்று, இது மாத்திரை இருமல், ஒட்டாத இருமல் என்று சொல்லிவிட்டு வந்தார். மருமகள் அழுதாள். “நீ ஏன் அழற? உனக்கும்தான் யாரும் சொல்லல,” என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, மடியை விரித்து உட்கார்ந்தார். குழந்தை மடிக்கு வந்தது. நீல டம்ளர் பல் தேய்க்கிற இடத்துக்கே போனது. பூனை மட்டும் ரோஷத்தோடு பக்கத்துச் சந்திலேயே இருந்துவிட்டது.

இருமல் உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியது. தினமும் காலையில் மருமகள் வெண்கலத்தின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள், குழி விழுகிறதா என்று. சாக்குக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் மாத்திரை.

இதற்கிடையில் மண்டி நாறிக்கொண்டிருந்தது. மொட்டையின் மச்சானுக்கு நல்ல தொண்டைதான், கூடையைத்தான் அவன் தொடவே இல்லை. சில்லறைக் கடைக்காரர்கள் அழுகல் தக்காளியைத் திருப்பிக் கொண்டுவந்து கத்தினார்கள். கத்திவிட்டு, மறுநாளிலிருந்து எல்லாச் சரக்கையும் அழுகல் என்றே வைத்து விலை கேட்டார்கள். நல்ல சரக்கு கொண்டுவந்த விவசாயிகள் வயிறெரிந்து என் கடையில் டீ குடித்தார்கள்.

மாதக் கடைசி நாள் வெண்கலம் வந்து மூட்டைமேல் ஏறினார். தலைவர் தூணோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். முதல் சரக்கு முட்டைக்கோஸ். மொட்டை முன்வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மிளகாய்ச் சாக்கோடு அவர் ஆளும் தயாராக நின்றான்.

வெண்கலம் கூடையைக் கவிழ்த்தார். “மேல் இலை வாடியிருக்கு, ரெண்டுல பூச்சி இருக்கு, உள்ளெல்லாம் இறுக்கம். விலையைச் சொல்லுங்க!”

விலை ஏறியது. மற்றவர்கள் ஏற்றினார்கள், மொட்டை ஏற்றவில்லை. கடைசியில் ஒரு சின்ன வியாபாரி சொன்ன விலையில் நின்றது. மொட்டையின் ஆள் மிளகாய்ச் சாக்கை ஒருமுறை உதறினான்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!”

ஒரே மூச்சில் விழுந்தது. மொட்டையின் வாய் திறந்தபடியே இருந்தது. தூசியில் தும்மியவர் தலைவர் மட்டும்தான்.

“இருமல் நின்னுபோச்சுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கத்தினார் மொட்டை.

“நீங்க கேக்கலையே,” என்று சொல்லிவிட்டு, வெண்கலம் அடுத்த கூடையைக் கவிழ்த்தார்.